பூஜை இல்லாத கோவில்: சோமநாதபுரத்துக் கேசவன்

(நம் மைசூர்க் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. வெளியூர் அங்கத்தினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் கிளையின் சார்பில் சோமநாதபுரம் போவதாக ஏற்பாடாகி, ஒரு பஸ் நிரம்பி, இரண்டாவது பஸ்ஸுக்கும் பெயர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். போவதற்கு முன்னால் அந்தக் கோவிலைப் பற்றி யாராவது அரைமணி நேரம் சொன்னால் தேவலை என்று செயலாளர் அபிப்பிராயப்பட்டார். நான் வித்வான் இல்லை. பழைய கன்னட லிபி படிக்கத் தெரியாது. கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, மத்திய சர்க்காரில் தணிக்கை வேலையில் முப்பத்தாறு வருஷம் கழித்தவன். எதைப் பார்த்தாலும் எண்ணிப் பார்ப்பது, எழுதியிருப்பதையும் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, இந்த இரண்டு வியாதியும் ரிடையர் ஆன பிறகும் போகவில்லை. அந்த யோக்யதை ஒன்றை வைத்துக்கொண்டுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

போன கூட்டத்தில் நம் மூத்த அங்கத்தினர் ஒருவர், அவருக்கு வயது எண்பத்து நாலு, ஒரு கேள்வி கேட்டார். "பூஜை இல்லாத கோவிலுக்குப் போய் என்ன சேவிக்கப் போறோம்? விளக்கு உண்டா, தீர்த்தம் உண்டா, சடாரி உண்டா? பின்னமான விக்ரகத்தைப் பார்க்க இத்தனை பேர் பஸ் வைத்துக்கொண்டு போகணுமா?" என்றார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் 1976ல் நான் முதல் தடவை அங்கே போனபோது என் ஆத்துக்காரி கேட்டதும் அதே கேள்விதான். மாமா இன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். முழுசாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

முதலில் ஊர். மைசூரிலிருந்து பன்னூர் வழியாகக் கிழக்கே சுமார் 38 கிலோமீட்டர். திருமகூடலு நரசீபுரம் தாலுகா. காவிரி பக்கத்தில்தான் ஓடுகிறாள். வழியெல்லாம் நெல்லும் கரும்பும். தஞ்சாவூர் ஜில்லாக்காரனான எனக்கு முதல் தடவையே நம் ஊர்ப் பக்கம் போகிற மாதிரி இருந்தது. சுற்றிலும் கிராமம், நடுவில் ஒரு மதில், அதற்குள் கோவில். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. நம் பக்கத்து ராஜகோபுரம் மாதிரி பத்து மைலுக்கு அப்பாலேயே கூப்பிடுகிற சங்கதி இங்கே கிடையாது. வாசல் மண்டபத்தைத் தாண்டினால்தான் தெரியும். தாண்டினவர்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள். நான் பல தடவை ஓரமாக நின்று மற்றவர்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டியவர் சோமநாத தண்டநாயகர். ஹொய்சள அரசர் மூன்றாம் நரசிம்மனின் தளபதி. தண்டநாயகர் என்றால் சேனாதிபதி. அவர் முதலில் கட்டியது கோவில் அல்ல, அக்ரஹாரம். தன் பெயரில் ஓர் ஊரை ஏற்படுத்தி, வேதம் சாஸ்திரம் படித்த பிராமணர்களைக் குடிவைத்து, நிலம் கொடுத்து, அதற்கு 'வித்யாநிதி பிரஸன்ன சோமநாதபுரம்' என்று நாமகரணம் செய்தார். அந்த அக்ரஹாரத்துக்கு நடுநாயகமாகத்தான் இந்தக் கேசவன் கோவில். பிரதிஷ்டை 1258ஆம் வருஷம் என்பது இன்றைக்குப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது. பழைய புஸ்தகங்களில் 1268 என்று இருக்கும். குழம்ப வேண்டாம். கோவிலைப் பற்றிய சாஸனங்கள் ஒரே வருஷத்தில் பொறித்தவை அல்ல, அதனால் வந்த வித்தியாசம். வாசலுக்குள் நுழைந்ததுமே பெரிய கல்வெட்டு ஒன்று நிற்கும். கோவிலுக்கும் அக்ரஹாரத்துக்கும் செய்த தர்மங்களின் விவரம் அதில் இருக்கிறது. எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு தணிக்கைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கல்தான் இந்தக் கோவிலின் கணக்குப் புஸ்தகம். அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

ஹொய்சளர்கள் நமக்கு அந்நியர்கள் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஸளன் என்பவன் புலியைக் கொன்ற கதையை ஹளேபீடு போனவர்கள் கேட்டிருப்பீர்கள். தலக்காடு நூறு வருஷத்துக்கு மேல் சோழர் கையில் இருந்தது. விஷ்ணுவர்தனன் 1116 வாக்கில் அதைப் பிடித்தான், 'தலக்காடு கொண்ட' என்று பட்டம் வைத்துக்கொண்டான். அடுத்த வருஷமே, 1117ல், பேலூரில் சென்னகேசவர் பிரதிஷ்டை. ராமானுஜர் தொண்டனூரிலும் மேல்கோட்டையிலும் இருந்ததும் அந்த அரசன் காலத்தில்தான் என்பது ஸம்பிரதாயம். நூறு வருஷம் கழித்துச் சோழ ராஜ்யம் ஆட்டம் கண்டபோது, மூன்றாம் ராஜராஜனைக் கோப்பெருஞ்சிங்கனிடமிருந்து மீட்டவன் இரண்டாம் நரசிம்மன். அவன் பிள்ளை சோமேச்வரன் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கண்ணனூரில் இரண்டாவது தலைநகரமே வைத்துக்கொண்டான். ஸமயபுரம் போகிறவர்கள் அம்மனை சேவித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். பக்கத்திலேயே போஜீச்வரர் கோவில் என்று இப்போது சொல்கிறார்களே, அது அவன் கட்டின பொய்சளேச்வரம். ஸ்ரீரங்கம் வேணுகோபாலன் ஸந்நிதியின் வெளிச்சுவரில் இருக்கும் பெண் சிற்பங்களிலும் ஹொய்சளச் சாயல் இருக்கிறது என்பார்கள். சோமேச்வரனுக்குப் பிறகு ராஜ்யம் இரண்டாகி, தமிழ்ப் பக்கம் ராமநாதனுக்கும், கன்னடப் பக்கம் நம் மூன்றாம் நரசிம்மனுக்கும் போயிற்று. பாகப்பிரிவினை எந்தக் குடும்பத்தில்தான் இல்லை!

இனி கோவிலுக்கு வருகிறேன். இது திரிகூடம், அதாவது மூன்று கர்ப்பக்ருஹம், மூன்று விமானம், ஒரே மண்டபம். கிழக்கே பார்த்த வாசல். நேர் எதிரே, மேற்கில் கேசவன். வடக்கில் ஜனார்த்தனன். தெற்கில் வேணுகோபாலன். சுற்றிலும் திண்ணை மாதிரி தூண் வைத்த பிராகாரம், அதில் சின்னச் சின்ன ஸந்நிதிகள். பிராகாரம் மொத்தம் சுமார் 215 அடிக்கு 177 அடி. சின்ன ஸந்நிதிகள் 64. நான் எண்ணிப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு மூர்த்தி இருக்க வேண்டியது. இன்றைக்கு எல்லாம் காலி. அறுபத்து நாலு காலி அறைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட மாதிரி இருக்கும்.

கோவில் நேரே தரையில் நிற்கவில்லை. சுமார் மூன்றடி உயர மேடைமேல் நிற்கிறது. இதை ஜகதி என்பார்கள். மேடையும் கோவிலின் நக்ஷத்திர வடிவத்தையே ஒட்டி மடிந்து மடிந்து வரும். உள்ளே கர்ப்பக்ருஹத்தைச் சுற்றிப் பிரதக்ஷிணம் செய்ய வழி கிடையாது. வெளியே இந்த மேடைதான் பிரதக்ஷிண பாதை.

நக்ஷத்திரம் என்றேனே, அது எப்படி வருகிறது என்று பையன்கள் யாராவது கேட்டால் சொல்லிக் கொடுங்கள். ஒரு சதுரம் போடுங்கள். அதே மையத்தில் அதை 22.5 டிகிரி திருப்பி மறுபடி போடுங்கள். இன்னும் இரண்டு தடவை அப்படியே. நாலு சதுரம், சதுரத்துக்கு நாலு மூலை, ஆக பதினாறு முனை நக்ஷத்திரம். மூன்று விமானங்களுக்கும் அடிப்படை அதுதான். இதற்கு ஒரு முளையும் ஒரு கயிறும் போதும். ஆனால் அந்த மடிப்பு தரையில் தொடங்கி, சுவரில் ஏறி, விமானத்தின் உச்சி வரைக்கும் கோடு பிசகாமல் போகிறது பாருங்கள், அங்கேதான் நான் ஒவ்வொரு தடவையும் தோற்றுப் போகிறேன். மடிப்பால் இரண்டு லாபம். சுவரின் நீளம் கூடுகிறது, அதனால் சிற்பம் வைக்க இடம் கூடுகிறது. இன்னொன்று நிழல். தட்டையான சுவரில் சூரியன் ஒரே மாதிரி அடிக்கும். மடிந்த சுவரில் ஒரு முகம் வெளிச்சம், அடுத்த முகம் நிழல். காலை எட்டரைக்குப் பார்த்த சிற்பத்தைப் பதினோரு மணிக்குப் பார்த்தால் வேறு சிற்பம் மாதிரி இருக்கும். ஆகவே சாப்பாட்டுக்கு அவசரப்படாதீர்கள்.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தஞ்சாவூர்ப் பெரிய கோவில் கருங்கல். அதில் இருக்கிற க்வார்ட்ஸுக்குக் கடினத் தன்மை மோஸ் அளவில் 7. உளி திணறும். ஆகவே சோழர் கோவில்களில் அழகு முக்கியமாக உருவத்தின் அளவிலும் அமைப்பிலும் இருக்கும். இங்கே மாக்கல். ஸோப்ஸ்டோன் என்று பொதுவாகச் சொல்வார்கள், பூகர்ப்பக்காரர்கள் க்ளோரைட் சிஸ்ட் என்பார்கள். க்ளோரைட்டின் கடினம் 2, 2.5தான். பாறையிலிருந்து வெட்டின புதிதில் மரம் மாதிரி இழைக்கலாம், காற்றுப் பட்டபின் நாளாக ஆக இறுகும். நகையில் ஒவ்வொரு மணியும் தனித்தனியே தெரிகிறது, மாலைக்குப் பின்னால் ஊசி நுழைகிற அளவு இடைவெளி இருக்கிறது என்றால், சிற்பியின் கைத்திறமை பாதி, கல் பாதி. இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. சிற்பியைக் குறைத்துச் சொல்லவில்லை. எந்தக் கல்லுக்கு எது வரும் என்று தெரிந்துகொள்வதும் திறமைதானே? நம் ஆத்து மாமிகளுக்கு எந்த அரிசியில் இட்லி வரும், எதில் வராது என்று தெரிகிற மாதிரி.

உள்ளே தூண்களைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும், தொட வேண்டாம். வட்ட வட்டமாக மணிக்கட்டு வளையம் மாதிரி வரிகள் ஓடும். கல்லைச் சுழலவிட்டுக் கடைந்திருக்க வேண்டும் என்பது பலருடைய முடிவு. கடைசல் பட்டறையில் கட்டில் கால் கடைவதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். பெரிய எடை, சுழற்ற மோட்டார் கிடையாது, மாடோ ஆளோதான் சுற்றியிருக்க வேண்டும். தலைக்கு மேலே பதினாறு விதானங்கள், ஒன்றைப் போல் ஒன்று இல்லை. சிலவற்றில் நடுவிலிருந்து தொங்குவது வாழைப்பூ. ஒன்றில் மொக்கு, இன்னொன்றில் கொஞ்சம் விரிந்தது, மற்றொன்றில் மடல் மடலாகப் பிரிந்தது. காவிரிக் கரைக்காரன் எவனோ கொல்லையில் பார்த்ததைக் கல்லில் வைத்திருக்கிறான். கழுத்து வலிக்கும், சுவரில் சாய்ந்துகொண்டு பாருங்கள்.

வெளிச் சுவரின் அடியில் ஆறு வரிசை. கீழே யானை. அதற்கு மேல் குதிரை வீரர்கள். அதற்கு மேல் கொடி. நாலாவது வரிசையில் கதைகள். பிறகு மகரம், பிறகு ஹம்ஸம். யானைகளை ஒரு தடவை எண்ணத் தொடங்கி, பாதியில் மழை வந்து விட்டுவிட்டேன். ஒன்று மற்றொன்றைப் பார்த்துச் செய்ததில்லை என்பது மட்டும் நிச்சயம். ஒன்று முன்னால் போகிறதன் வாலைப் பிடிக்கும், ஒன்று ஆளை மிதிக்கும். வலமாக வந்தீர்களானால் தெற்கில் ராமாயணம், பின்புறம் மேற்கில் பாகவதம், வடக்கில் பாரதம். இடமாகச் சுற்றினால் கதை பின்னோக்கிப் போகும். போன வருஷம் ஒரு கூட்டம் வனவாஸத்திலிருந்து புத்ரகாமேஷ்டிக்குப் போய்க்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

இந்த வரிசைகளுக்கு மேலேதான் பெரிய மூர்த்திகள், மொத்தம் 194. அவற்றின் பீடத்தில் பார்த்தால் சின்னக் கன்னட எழுத்து தெரியும். செய்தவன் பெயர். நம் பக்கத்துக் கோவில்களில் கட்டின ராஜா பெயர் இருக்கும், நெல் அளந்தவன் பெயர் கூட இருக்கும். சிற்பங்களுக்கு அடியில் வரிசையாக ஸ்தபதி பெயரைக் கண்டதாக எனக்கு நினைவில்லை. இங்கே மல்லிதம்மன் என்ற ஒருவன் மட்டும் நாற்பது சிற்பங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். பாலய்யன், சௌடய்யன், பாமய்யன், மசணிதம்மன், நஞ்சய்யன் என்று இன்னும் பலர். 1196ல் கட்டின அம்ருதபுரத்துக் கோவிலிலும் மல்லிதம்மன் என்ற பெயர் இருக்கிறது. இருவரும் ஒருவரே என்றால் அறுபது வருஷம் உளி பிடித்த கை. நான் முப்பத்தாறு வருஷத்தில் போட்ட கையெழுத்துகளை நினைத்துக்கொண்டேன். பெயர் பொறித்தது பெருமைக்கா, கூலிக் கணக்குக்கா என்று கேட்டால் இரண்டுக்கும்தான் என்பது என் அபிப்பிராயம்.

மாமாவின் கேள்விக்கு இப்போது வருகிறேன்.

மாலிக் காபூரின் படை 1311ல் துவாரசமுத்திரத்தை, அதாவது இன்றைய ஹளேபீட்டை, முற்றுகையிட்டது. 1327 வாக்கில் துக்ளக் படை வந்து அந்த நகரத்தைப் பாழாக்கியது. கடைசிப் பெரிய அரசன் மூன்றாம் வல்லாளன் மதுரை சுல்தானோடு சண்டையிட்டு 1340களின் தொடக்கத்தில் மாண்டான். பிரதிஷ்டை ஆகி நூறு வருஷம் முடிவதற்குள், மான்யம் எழுதிக் கொடுத்த ராஜ்யமே இல்லை. பிறகு விஜயநகரத்தார் காலத்தில் கோவிலுக்குத் திருப்பணி நடந்திருக்கிறது. வேறு நிறத்துக் கல் வைத்து ஒட்டுப் போட்டிருப்பதை நீங்களே பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுபடி சிதிலம். மைசூர் ஸமஸ்தானத்துத் தொல்லியல் இலாகாதான் இதைக் கவனித்து நிமிர்த்தியது. அந்த இலாகாவின் தலைவராக இருந்த ஆர். நரஸிம்ஹாச்சார் இந்தக் கோவிலைப் பற்றி 1917ல் ஒரு தனிப் புஸ்தகமே போட்டார். ஒவ்வொரு சிற்பத்தையும் எண்ணி, கையெழுத்துகளைப் படித்து எழுதினவர் அவர்தான். நான் எண்ணியதெல்லாம் அவர் எண்ணியது சரியா என்று பார்த்ததுதான்.

உள்ளே இருக்கும் கேசவன் மூலவர் அல்ல. மூலவர் எங்கேயோ போய்விட்டார். இருப்பது பிற்பாடு வைத்த சிலை. ஜனார்த்தனனும் வேணுகோபாலனும் பழையவர்கள்தான், ஆனால் பின்னம். பின்னமான மூர்த்திக்கு நித்ய பூஜை இல்லை என்பது நம் ஆகமம். அதோடு, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று எடுத்துக்கொண்ட காலத்தில் பூஜை நடக்காதிருந்த இடத்தில் புதிதாகத் தொடங்க விடுவதில்லை என்பது மத்தியத் தொல்லியல் துறையின் நடைமுறை. பேலூரில் நடந்துகொண்டிருந்தது, இன்றும் நடக்கிறது. இங்கே நின்றுபோயிருந்தது, நின்றது நின்றதுதான். 2023 செப்டம்பரில் பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் மூன்றையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கௌரவம்தான், சந்தோஷம்தான். விளக்கு ஏற்றுகிற கௌரவம் அதில் இல்லை.

1976ல் நாங்கள் போனபோது என் ஆத்துக்காரி ஆத்திலிருந்தே இரண்டு முழம் மல்லிகை தொடுத்துக்கொண்டு வந்திருந்தாள். வேணுகோபாலன் முன்னால் போய் நின்றோம். குழலூதிக்கொண்டு நிற்கிறான், சுற்றிலும் பசுக்கள் முட்டி மோதிக்கொண்டு கேட்கின்றன. அவள் பூவை நீட்டினாள். காவல்காரர் மரியாதையாகத்தான் சொன்னார், "அம்மா, இங்கே பூ வைக்கக் கூடாது" என்று. அவள் சேவிக்கவும் இல்லை. "பசுவெல்லாம் கேட்கிறது, நமக்குத்தான் கேட்கலை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அந்த மல்லிகையைக் காவல்காரரின் பெண் குழந்தைக்கு வைத்துவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னைக் கேட்டாள், "இவ்வளவு நிலம் கொடுத்து, இவ்வளவு பேரைக் குடிவைத்தாரே அந்த சேனாதிபதி, அந்தப் பேரெல்லாம் எங்கே போனா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போது தெரியவில்லை என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் தஞ்சாவூர் ஜில்லாவில் காவிரிக் கிளை நதி ஒன்றின் கரையில். ஊர்ப் பேர் வேண்டாம். நான் பையனாக இருந்தபோது அக்ரஹாரத்தில் நாற்பது ஆம். மேற்குக் கோடியில் பெருமாள் கோவில். படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் ஒவ்வொருவராகக் கிளம்பினோம். யாரும் எங்களை விரட்டவில்லை, படை ஒன்றும் வரவில்லை. பம்பாய், டெல்லி, மைசூர், பிறகு அமெரிக்கா. 1989ல் அப்பா காலமானார். அடுத்த வருஷம் ஆத்தை விற்றோம். கிரயப் பத்திரம் முடிந்த அன்றைக்கு பட்டர் வந்து, "ஒருகால பூஜைக்காவது உங்கள் குடும்பத்து வகையில் ஏதாவது போட்டு வைத்துவிட்டுப் போங்கோ" என்றார். "கட்டாயம் செய்கிறேன், ஊருக்குப் போய் அனுப்புகிறேன்" என்றேன். அனுப்பவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பெண் கல்யாணம், வீட்டுக் கடன், பிறகு மறதி. முப்பத்தாறு வருஷம் பிறத்தியார் கணக்கில் பிழை கண்டுபிடித்தவனின் சொந்தக் கணக்கு இது.

2011ல் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனவன் எட்டிப் பார்த்தேன். பட்டர் காலமாகிவிட்டார். கோவில் பூட்டியிருந்தது. பக்கத்து ஊர்க் குருக்கள் ஒருவர் சைக்கிளில் வந்து, முடிந்த நாளில் திறந்து ஒரு விளக்கு ஏற்றுகிறார் என்றார்கள். அதற்கு முன்னால் யாரோ நல்ல எண்ணத்தில் திருப்பணி என்று, மண்டபச் சுவரை மணல் வீச்சு வைத்துச் சுத்தம் செய்திருந்தார்கள். அடிப்பக்கம் நாங்கள் பையன்களாக விரலால் தடவித் தடவிப் படித்த கல்வெட்டு எழுத்து மழுங்கிப்போயிருந்தது. திண்ணையில் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது ஞாபகம் வந்தது ஆத்துக்காரியின் கேள்விதான். அந்தப் பேரெல்லாம் எங்கே போனா? எங்களைப் போல்தான் போயிருப்பார்கள். எல்லோரும் படைக்குப் பயந்து ஓடினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பலர் வேறு ஊரில் நல்ல இடம் கிடைத்துப் போயிருக்கலாம். 'ஊருக்குப் போய் அனுப்புகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

மாமா, நீங்கள் கேட்டது நியாயம். அங்கே தீர்த்தம் இல்லை, சடாரி இல்லை. நான் அங்கே சேவிக்கப் போகவில்லை. சோமநாதர் ஒரு மனுஷன் செய்யக்கூடியதெல்லாம் செய்தார். கல் தேடினார், ஆள் தேடினார், அரசனிடம் கேட்டு வருமானம் எழுதி வாங்கினார், அதைக் கல்லில் பொறித்து வாசலிலேயே நட்டார். எழுநூற்று அறுபது வருஷத்துக்கு மேல் கழித்தும் அந்தக் கல் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, யானையும் வாழைப்பூவும் இருக்கின்றன. குடிவைத்த ஆட்கள் இல்லாததால் விளக்கு இல்லை. எங்கள் ஊரில் சேனாதிபதியும் இல்லை, மல்லிதம்மனும் இல்லை. செங்கல்லும் கொஞ்சம் கருங்கல்லும்தான். ஆனால் சைக்கிளில் ஒருவர் வந்து விளக்கு ஏற்றுகிறார், ஆகவே இன்னும் கோவில். எது தேவலை என்று உங்களால் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

2011ல் திரும்பி வந்ததும் என் சித்தப்பா, அத்தை பிள்ளைகளுக்கெல்லாம் எழுதினேன். பதினெட்டுப் பேருக்கு எழுதினதில் ஏழு பேர் பதில் போட்டார்கள். ஏழு பேரும் சேர்ந்து ஒரு தொகை போட்டு, அதன் வட்டியில் எண்ணெய்க்கும் தளிகைக்கும் குருக்களின் பெட்ரோலுக்கும் அனுப்புகிறோம். சைக்கிள் போய் இப்போது மொபெட். வட்டி குறைந்துகொண்டே வருகிறது, எண்ணெய் விலை ஏறிக்கொண்டே வருகிறது. ஏழு பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. அவர்கள் பிள்ளைகளில் ஒருவன் தொடர்ந்து அனுப்புகிறான், மற்றவனுக்கு நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இருபத்தொரு வருஷம் தாமதமாகச் செலுத்திய பாக்கி.

இதே போல் சொந்த ஊர்க் கோவில் பூட்டிக் கிடப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்லிக் கேட்க நினைத்தேன். செயலாளர் நேரமாகிறது என்கிறார். பஸ்ஸில் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விவரங்கள் சொல்லிவிட்டு உட்காருகிறேன். பஸ் ஏழு மணிக்குக் கிளம்பும். ஏழு என்றால் ஏழு. கோவிலுக்குள் செருப்பில்லாமல் நடக்க வேண்டும், பத்து மணிக்கு மேல் கல் சுடும், பழைய சாக்ஸ் ஒரு ஜோடி கொண்டு வாருங்கள். மேடைக்கு ஏறும் படி கொஞ்சம் உயரம், முழங்கால் வலிக்காரர்களுக்கு இளைஞர்கள் கை கொடுக்க வேண்டும். விதானம் பார்க்க ஒரு சின்ன டார்ச் இருந்தால் நல்லது. உள்ளே பூ, கற்பூரம், தேங்காய் கொண்டு வரக் கூடாது. புளியோதரையும் தயிர்சாதமும் சங்கத்தின் ஏற்பாடு, வெளியே மரத்தடியில் சாப்பிடலாம். திரும்பும் வழியில் நேரம் இருந்தால் சோமநாதரே கட்டின பஞ்சலிங்கக் கோவிலையும் பார்க்கலாம், அதே ஊரில்தான், கருங்கல் கட்டடம், கவனிப்பார் குறைவு. மாமா வருவதாக இருந்தால் முன்பக்க ஸீட் அவருக்கு என்று எழுதி வைத்திருக்கிறேன்.